ஊதுபத்தி குச்சில ஒரு ஆங்கிலோ-சாக்ஸன் வீடு

பழைய இங்கிலாந்து வீடுன்னதும் கல் சுவரும் புகைபோக்கியும் மனசுல வருதா, முதல்ல அதை அழிச்சிடுங்க. ரோமானியர் கிளம்பினப்புறம் வந்து குடியேறின ஆங்கிலோ-சாக்ஸன் ஜனங்க கட்டின வீடு எல்லாமே மரம், மண், வைக்கோல்தான். கட்டுறதுக்கு அவங்க சொன்ன வார்த்தையே 'டிம்ப்ரன்', நம்ம டிம்பர் இருக்குல்ல, அதோட சொந்தம்.

நாம செய்யப்போற குட்டி வீட்டுக்கு நான் மாதிரியா எடுத்துக்கிட்டது இங்கிலாந்துல சஃபோக் பக்கம் இருக்கிற வெஸ்ட் ஸ்டோ கிராமம். 1965லேர்ந்து 1972 வரைக்கும் தோண்டிப் பார்த்ததுல குழி வீடு, அதாவது தரைல குழி வெட்டி அது மேல கட்டின சின்ன வீடு, 70 கிட்ட கிடைச்சுது, கூடம் மாதிரி பெரிய வீடு 7. அதே இடத்துல சில வீட்டைத் திரும்பவும் கட்டி வெச்சிருக்காங்க. நாம செய்யப்போறது பெரிய வீடு.

ஸ்டெப் 1: கெட்டி அட்டைல 20 செ.மீ நீளம், 10 செ.மீ அகலம் கோடு போடுங்க. நிஜத்துல 10 மீட்டருக்கு 5 மீட்டர்னு கணக்கு. நீளம் அகலத்தைப்போல ரெண்டு மடங்குங்கறது அந்தக் காலத்து வழக்கம். வாசல் ரெண்டு, நீளச் சுவர் ரெண்டுலயும் நடுவுல, எதிரும் புதிருமா.

ஸ்டெப் 2: எரிஞ்சு முடிஞ்ச ஊதுபத்தி குச்சிங்களைக் கோடு மேல 1.5 செ.மீக்கு ஒண்ணா குத்தி நடுங்க, அட்டைக்கு மேல 4 செ.மீ நின்னா போதும். அப்புறம் சணல் கயிறைப் பிரிச்சு ஒத்தை இழையா எடுத்து ஒரு குச்சிக்கு முன்னாடி, அடுத்ததுக்குப் பின்னாடின்னு படல் பின்னுற மாதிரியே பின்னிட்டுப் போங்க. அவங்க இதுக்கு ஹேசல் மரத்து இளங்கொம்பை வளைச்சாங்க. இழுத்துக் கட்டாதீங்க, குச்சி உள்பக்கம் சாஞ்சிடும்.

ஸ்டெப் 3: மண் பூச்சு. இதுலதான் நான் கோட்டை விட்டேன். வெறும் களிமண்ணைக் குழைச்சு அப்பினேன், மறுநாள் காலைல பார்த்தா சுவர் பூரா ஏரி வத்தின தரை மாதிரி வெடிச்சுக் கிடக்கு. களிமண் காயறப்போ சுருங்கும், பிடிச்சு வெக்க நார் வேணும். அவங்க வைக்கோலும் சாணியும் கலந்தாங்க, நீங்க வைக்கோலைப் பொடியா நறுக்கி, கொஞ்சம் மணலும் சேர்த்து, சப்பாத்தி மாவைவிட இளக்கமா பிசைஞ்சு ரெண்டு பக்கத்துலயும் விரலால அழுத்துங்க, பின்னல் சந்துல மண்ணு போய் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கணும். நிழல்ல ரெண்டு நாள் காயட்டும்.

ஜன்னல் வெச்சே ஆகணும்னா சின்ன ஓட்டை போதும், கண்ணாடி கிடையாது. பழைய ஆங்கிலத்துல ஜன்னலுக்குப் பேரே 'கண் ஓட்டை'. நாம 'பலகணி'ன்னு சொல்லலையா!

ஸ்டெப் 4: கூரை. கைமரத்துக்கு 9 செ.மீ குச்சிங்க, செங்குத்தா ஒரு 50 டிகிரி சாய்வு, ஏன்னா அந்த ஊர் மழை கூரைல நின்னா வைக்கோல் அழுகிடும். வைக்கோலை அடியிலேர்ந்து முகட்டைப் பார்த்து வரிசை வரிசையா ஒட்டுங்க, மேல் வரிசை கீழ் வரிசையை மூடணும். புகைக்கு ஓட்டை விடாதீங்க, அது வைக்கோல் வழியாவே கசிஞ்சு போயிடும், பூச்சியும் வராது, ஆனா உள்ள இருந்தவங்க கண்ணு என்ன பாடு பட்டிருக்குமோ.

ஸ்டெப் 5: உள்ளே. நடுவுல அடுப்பு, அதுக்கு நேர் மேல கூரையோட உள்பக்கம் கரியைத் தேச்சு விடுங்க. சுவர் ஓரம் பெஞ்சு. நெசவுத் தறி வேணும்னா சுவத்துல சாஞ்ச மாதிரி ரெண்டு குச்சி, குறுக்க ஒண்ணு, தொங்குற நூலோட நுனில குட்டி மண் வளையம், இந்த வளையம் குழி வீடுகள்ல நிறைய கிடைச்சிருக்கு. அடுப்புல பார்லி, பட்டாணி கஞ்சி வைங்க, உருளைக்கிழங்கு செஞ்சு வெச்சிடாதீங்க, அது வர இன்னும் பல நூறு வருஷம் இருக்கு. ரொட்டி கட்டாயம், வீட்டுத் தலைவனுக்கே 'ரொட்டிக் காவலன்'னுதான் பேரு, அதுதான் தேஞ்சு தேஞ்சு லார்ட் ஆச்சு.

கூரைல ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டாம தூக்கி வெக்கிற மாதிரி விடுங்க, இல்லேன்னா இவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்ச தறி யார் கண்ணுலயும் படாது.