கபடிப் பையனுக்கு ரக்பி டாக்கிள் பழக்குவது

நெல்லைப் பக்கம் ரக்பிக்கு வருகிற பையன்கள் பலர் கபடி ஆடியவர்கள். பயப்படாமல் பாய்வார்கள், டாக்கிளுக்கு, அதாவது பந்தோடு வருபவனைப் பிடித்து வீழ்த்துவதற்கு, பிடியைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் முழங்காலிட்டே பழக்குங்கள், பந்துக்காரன் நடந்து வரட்டும். தோள் அவன் தொடையில் மோத வேண்டும், தலை அவனுக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். தலை முன்னால் போனால் முழங்கால் நேராக மண்டையில் இடிக்கும். மோசமான காயங்கள் இதில்தான் வருகின்றன. கண்ணை மூடவே கூடாது. இரண்டு கையாலும் சுற்றி இறுக்கி, கால்களை நிறுத்தாமல் தள்ளட்டும்.

கபடியில் ரைடரை அப்படியே தூக்கிவிடலாம். ரக்பியில் தூக்கித் தலைகீழாகச் சாய்த்தால் சிவப்பு அட்டை. 2011 உலகக் கோப்பை அரையிறுதியில் வேல்ஸ் கேப்டன் சாம் வார்பர்ட்டன் இதற்காகத்தான் வெளியேற்றப்பட்டார். அவருக்கு அப்போது 23 வயது. வேல்ஸ் 8-9 என பிரான்ஸிடம் தோற்றது. தூக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே நிறுத்துங்கள்.

சித்திரை வெயிலில் பாளையங்கோட்டைத் தரை கல்லாக இறுகிவிடும். கபடி மேட் விரித்துப் பழக்குங்கள். 10 முதல் 14 வயதுக்கு 4-ஆம் எண் பந்து, அதற்கு மேல் 5.

தலையில் அடிபட்டுத் தடுமாறினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி எடுத்தால் தாமதிக்காமல் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.