சொல்லின் முகத்தைப் பார்த்துப் பொருள் சொல்லாதீர்கள்: அரிய ஆங்கிலச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாதங்கள் வந்துவிட்டால் எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று மாணவர் எழுதும் நோக்க அறிக்கை), சிபாரிசுக் கடிதம், வேலை விண்ணப்பம் என்று திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்துகொண்டே இருக்கும். ஸ்பெல்லிங், இலக்கணம் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதைக் கணினியே அடிக்கோடிட்டுக் காட்டிவிடும். கணினி கண்டுகொள்ளாத ஒரு வகைத் தவறு இருக்கிறது. அதிகம் புழங்காத ஆங்கிலச் சொல்லைத் தேடிப்பிடித்து, அது வரக்கூடாத இடத்தில் கொண்டுபோய் வைப்பது. நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் இன்றும் பார்க்கிறேன். அன்று நோட்டில் எழுதிவைத்த சொற்பட்டியல் இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது.

முகத்தைப் பார்த்துப் பொருள் ஊகிப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

சிபாரிசுக் கடிதத்தை மாணவரே எழுதிக்கொண்டு போக, பேராசிரியர் கையெழுத்து மட்டும் போடுவது நம் கல்லூரிகள் பலவற்றில் வழக்கம். அப்படி ஒரு மாணவர் உதவித்தொகைக்காகத் தயாரித்த கடிதத்தில், தன் கல்விச் சாதனைகளை ‘மெரிட்ரிஷஸ்’ என்று வர்ணித்திருந்தார். ‘மெரிட்’ உள்ளே இருக்கிறது, ஆகவே தகுதி மிக்க என்று பொருள் என்பது அவர் கணக்கு. அந்தச் சொல்லுக்கும் மெரிட்டின் இன்றைய பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. லத்தீனில் விலைமகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. இன்று அதற்குப் பொருள்: வெளியே பகட்டு, உள்ளே சரக்கில்லை. கல்லூரி லெட்டர்ஹெட்டில், பேராசிரியரின் கையெழுத்தோடு, இந்த மாணவரின் மதிப்பெண்கள் வெறும் மினுக்கு என்று சான்று கொடுத்தாகிவிட்டது. கடிதம் என் கைக்கு வந்தபோது அதை அப்லோடு செய்து முடித்திருந்தார்கள். உதவித்தொகை கிடைக்கவில்லை. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். நல்லவேளை என்று ஆறுதல் கொள்ள முடியாத இடம் அது.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது, அகராதியைத் திறந்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும் என்பதுதான்.

இந்த வகைச் சொற்கள் நிறைய உண்டு. ‘ஆஃபிஷஸ்’ என்றால் அலுவலக வேலையில் கெட்டிக்காரர் அல்ல. கேட்காமலே மூக்கை நுழைத்து அதிகாரம் பண்ணுகிறவர். ‘எனர்வேட்’ என்பதில் எனர்ஜி தெரிகிறது, ஆனால் பொருள் நேர் எதிர்: சோர்ந்து போகச் செய்வது. சிறப்பு விருந்தினரின் உரை ‘எனர்வேட்டிங்’காக இருந்தது என்று நன்றியுரையில் சொன்னால், எங்களைத் துவண்டுபோக வைத்தீர்கள் என்று மேடையிலேயே சொன்னதாகிவிடும். ‘நாய்சம்’ என்பது சத்தம் அல்ல, குமட்டும் நாற்றம். ‘பல்கிரிட்யூட்’ காதுக்கு ஏதோ நோய்ப் பெயர் போலக் கேட்கும், பொருள் அழகு.

இதில் ஒரு சொல் உயிர் சம்பந்தப்பட்டது. நெடுஞ்சாலையில் போகும் பெட்ரோல் டேங்கரின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்கும் ‘இன்’ இங்கே எதிர்மறை அல்ல. தீ மூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலேயே அது இருக்கிறது. எளிதில் தீப்பற்றும் என்றுதான் பொருள். ‘தீப்பற்றாது’ என்று யாராவது படித்துவிடக் கூடாதே என்றுதான், 1920களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதும்படி வலியுறுத்தத் தொடங்கியது.

சமன்குறி போட்டு மனப்பாடம் செய்வது

‘ஃபராகோ = கலவை’. இப்படி ஒரு வரி எழுதிக்கொண்டவர்கள் ஏராளம். 2017 மே மாதம் சசி தரூர் தன்னைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்தியைச் சாடி இந்தச் சொல்லை ட்விட்டரில் எழுதினார். நாடே அகராதியைத் தேடியது. அதன் பிறகு திருவிழாக் கூட்டமும் சாப்பாட்டு வகைகளும் ‘ஃபராகோ’ ஆகிவிட்டன. லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இகழ்ச்சியோடுதான் வரும்: பொய்களின், உளறல்களின் குவியல். தரூர் சரியான இடத்தில்தான் வைத்தார். உங்கள் அத்தை வீட்டு விருந்தைப் பாராட்ட அது உதவாது.

‘ஃபுல்சம்’ பாராட்டும் அப்படித்தான். நிறைவான பாராட்டு என்று பலர் எழுதுகிறார்கள். கவனமாகப் படிப்பவர் காதில் அது திகட்டும் முகஸ்துதியாகவே விழும். சமன்குறிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒற்றைத் தமிழ்ச் சொல் இந்தத் தொனியைச் சொல்லாது. ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியில் சொல்லுக்குப் பக்கத்திலேயே, இது இகழ்ச்சி, இது பழைய வழக்கு என்று குறிப்பு இருக்கும். அதையும் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்விலேயே 2011 ஆகஸ்ட்டில் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது சொல் வாக்கியத்துக்குள் பொருந்துகிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

நீளத்தில் மயங்குவது

நுண்தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய்க்கு ‘நியூமோனோஅல்ட்ரா’ என்று தொடங்கும் 45 எழுத்துச் சொல் 1935 வாக்கில் புதிர் ஆர்வலர்கள் நீளத்துக்காகவே உருவாக்கியது. மருத்துவர் ‘சிலிக்கோசிஸ்’ என்றுதான் எழுதுவார்.

கண்ணால் மட்டும் படிப்பது

உச்சரிப்பைச் சொல்கிறேன். ஒன்றுக்குச் சரியான எடுத்துக்காட்டு என்ற பொருளில் வரும் சொல் ‘எப்பிடோம்’ அல்ல, எபிட்டமி. மிகைப்படுத்திச் சொல்வது ‘ஹைப்பர்போல்’ அல்ல, ஹைப்பர்பொலி. நேர்காணலுக்கு முன் காதால் கேட்டுவிடுங்கள்.

சுவையான கதையை அப்படியே நம்புவது

‘நியூஸ்’ என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் என்று பள்ளியில் சொல்லித்தந்திருப்பார்கள். இல்லை. ‘நியூ’ என்பதன் பன்மைதான் அது, புதியவை.

அச்சில் இருப்பதாலும் நம்பிவிட முடியாது. 1934-இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியில் ‘டோர்ட்’ என்று ஒரு சொல், பொருள் அடர்த்தி. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தியின் சுருக்கக்குறியாகப் பெரிய ‘டி’ அல்லது சிறிய ‘டி’ என்று 1931-இல் வேதியியல் ஆசிரியர் எழுதி அனுப்பிய சீட்டை, நடுவில் இருந்த ‘அல்லது’க்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். சொல்லுக்கு வேர் எதுவும் தரப்படவில்லையே என்று ஓர் ஆசிரியர் கவனித்தது 1939-இல்தான்.

வேர் உண்மையாகவே தெரிந்திருந்தாலும் அதுவே இன்றைய பொருள் ஆகிவிடாது. ‘கேட்டமரான்’ நம் கட்டுமரம்தான், சந்தேகமில்லை. ஆனால் நம் கட்டுமரம் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. ஆங்கிலத்தில் இன்று அந்தப் பெயர் இணையாக இரண்டு உடற்பகுதிகள் கொண்ட படகுக்கு. ராமேஸ்வரத்துக் கட்டுமரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் வெறுமனே ‘கேட்டமரான்’ என்று போட்டுவிட்டுப் போனால், வெளிநாட்டு வாசகர் மனதில் உல்லாசப் படகுதான் ஓடும். அங்கே கூடுதலாக ஒரு வரி விளக்கம் எழுதத்தான் வேண்டும்.