வீட்டுத் தச்சுப் பட்டறையில் மரத்தூளை உறிஞ்சும் அமைப்பு: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தச்சு வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் மரத்தூளை ஒரு துப்புரவுச் சிக்கலாகத்தான் முதலில் பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் கூட்டி அள்ளிவிட்டால் தீர்ந்தது என்று நானும் சில ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஆனால், தரையில் குவிகிற சீவலும் தூளும் நமக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்வதில்லை. அவை கனமானவை என்பதால் உடனே கீழே விழுந்துவிடுகின்றன. 10 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கின்றன; அவற்றிலும் மிக நுண்ணியவை நுரையீரலின் அடி வரை இறங்குகின்றன. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால், இத்துகள்கள் ஏன் கண்ணில் படுவதில்லை என்பது விளங்கும்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டில் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதற்குழுவில் சேர்த்தது. மூக்கறையிலும் அதையொட்டிய குழிகளிலும் தோன்றும் புற்றுநோயே அதற்கு முதன்மையான காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடினமரத் தூளுக்கு விதிக்கப்பட்டுள்ள பணியிட வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். 30 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிறிய அறையின் காற்று அந்த வரம்பைத் தொடுவதற்கு 60 மில்லிகிராம் நுண்தூள் போதும். அது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. தரை பளிச்சென்று இருக்கிற பட்டறையிலும் காற்று கெட்டுக் கிடக்கலாம் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஆகவே, கீழே விழுந்ததை அள்ளுவதைவிட, மேலே எழும்புவதற்கு முன்பே பிடிப்பதுதான் நம் நோக்கம். இந்த விளக்கத்தின் படிகள் எல்லாம் அதை ஒட்டியே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

முதற்படி: தூள் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், உங்களிடம் உள்ள கருவிகளை அவை எழுப்பும் தூளின் தன்மையைக் கொண்டு பிரித்துக்கொள்ளுங்கள். கை இழைப்புளியும் உளியும் சுருள் சீவலைத் தருகின்றன. அவற்றுக்கு ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மின் இழைப்பு இயந்திரம் மூட்டை மூட்டையாகச் சீவலைத் தள்ளினாலும் அதில் பெரும்பகுதி பருமனானது. மேசை ரம்பமும் பட்டை ரம்பமும் பருந்தூளையும் நுண்தூளையும் கலந்து வீசுகின்றன. சாய்வு வெட்டு ரம்பம் தூளைப் பின்பக்கம் விசிறியடிப்பதால் அதை அடக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம். உருவத்தில் சிறியதாக இருந்தாலும் உப்புத்தாள் பொருத்திய சாண்டர்தான் மிக நுண்ணிய தூளை ஓயாமல் எழுப்புவது, அதுவும் எம்.டி.எஃப். எனப்படும், மரநாரை அழுத்திச் செய்த பலகையைத் தேய்க்கும்போது வருவது ஏறக்குறைய மாவு. முதல் செலவைச் சாண்டருக்காகச் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை.

இரண்டாம் படி: எந்த உறிஞ்சி?

சந்தையில் இரு வகை இயந்திரங்கள் உள்ளன. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால் வீணாகும் பணம் கொஞ்சமன்று. பட்டறை வேக்யூம் கிளீனரின் உறிஞ்சு விசை மிகுதி. ஒரு குழாயில் நீரை ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்துக்கு இழுத்துவிடும். ஆனால், அது நகர்த்தும் காற்றின் அளவு மணிக்குச் சுமார் 200 கன மீட்டர்தான். தூள் சேகரிப்பான் எனப்படும் பெரிய விசிறி இயந்திரம் இதற்கு நேர்மாறானது. மணிக்கு 1,000 கன மீட்டருக்கு மேல் காற்றை நகர்த்தக்கூடிய அதன் உறிஞ்சு விசை, நீரை 20 அல்லது 30 சென்டிமீட்டர் உயர்த்துவதோடு நின்றுவிடும்.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. சாண்டர், ரவுட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் வெட்டும் கருவி) போன்ற, 30 மி.மீ. அளவிலான சிறிய வாய் கொண்ட கைக்கருவிகளுக்கு வேக்யூம் கிளீனரே ஏற்றது. குறுகிய வழியில் காற்றை இழுக்க விசைதான் வேண்டும். மேசை ரம்பம், இழைப்பு இயந்திரம் போன்றவற்றின் அகன்ற அறைகளிலிருந்து தூளை அள்ள நிறையக் காற்று வேண்டும். அதற்குச் சேகரிப்பான் தேவை. நான் முதலில் பெரிய சேகரிப்பானை வாங்கி, அதன் 100 மி.மீ. குழாயைப் படிப்படியாகக் குறுக்கிச் சாண்டரில் மாட்டிவிட்டு, தூள் ஏன் இன்னும் பறக்கிறது என்று வியந்துகொண்டிருந்தேன். இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. அதால் முடியாத வேலையை நான் அதற்குக் கொடுத்திருந்தேன்.

விளம்பர அட்டையில் அச்சிட்டிருக்கும் காற்றோட்ட அளவைக் கொஞ்சம் ஐயத்தோடு படியுங்கள். குழாயும் பையும் பொருத்தாமல் அளந்த அளவாக அது இருப்பது வழக்கம். பட்டறையில் கிடைப்பது அதைவிடக் கணிசமாகக் குறையும். கைக்கருவிகளும் ஒரு மேசை ரம்பமும் மட்டுமே உள்ள தொடக்கநிலைப் பட்டறைக்கு, நல்ல வடிகட்டியுடன் கூடிய ஒரு வேக்யூம் கிளீனர் போதுமான தொடக்கம். கருவியை இயக்கியதும் தானாக இயங்கி, கருவி நின்ற சில நொடிகள் கழித்து நிற்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். உறிஞ்சியை இயக்க மறந்துபோவதுதான் இதில் நேரும் மிகப் பொதுவான தவறு. கருவியும் உறிஞ்சியும் ஒரே மின்சுற்றில் சேர்ந்து இயங்கும்போது அந்தச் சுற்று இரண்டின் சுமையையும் தாங்குமா என்பதை ஒரு மின்பணியாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பிறக்கும் இடத்திலேயே பிடியுங்கள்

முழு அமைப்பின் வெற்றியும் தோல்வியும் இந்தப் படியில்தான் தீர்மானமாகின்றன. ஊதும் காற்று நெடுந்தொலைவு பாயும். உறிஞ்சும் காற்றுக்கு அந்த எட்டல் இல்லை. குழாயின் வாயில் இருக்கும் காற்று வேகம், அதன் விட்டத்தின் அளவுக்கு விலகிப் போனாலே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். 100 மி.மீ. குழாயை வெட்டும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அதன் விசையில் பெரும்பகுதி வீண். எனவே, மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டுவதைக் காட்டிலும் குழாயின் வாயைச் சில சென்டிமீட்டர் அருகே நகர்த்துவதும், வெட்டும் இடத்தைச் சுற்றி அடைப்பதும் மிகுந்த பலன் தரும்.

மேசை ரம்பத்தில் அலகுக்குக் கீழே உள்ள பெட்டியை ஒட்டுப்பலகைத் துண்டுகளாலும் டேப்பாலும் இயன்றவரை அடைத்து, அதன் அடியில் குழாயை இணையுங்கள். மோட்டார் குளிர்வதற்கான காற்று வழிகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பெட்டியை முழுவதுமாக அடைப்பதும் தவறு. காற்று உள்ளே வர வழி இல்லையென்றால் தூளைச் சுமந்துகொண்டு வெளியேறவும் காற்று இராது. கீழே எவ்வளவு இழுத்தாலும் அலகின் பற்கள் மேற்புறமாக வேலைசெய்பவர் முகத்தை நோக்கிக் கொஞ்சம் தூளை வீசவே செய்யும். அதைப் பிடிக்க, அலகின் மேற்காப்போடு இணைந்த இரண்டாவது சிறிய குழாய் வேண்டும். பட்டை ரம்பத்தில் மேசைக்குக் கீழே, அலகு மரத்தைவிட்டு வெளியேறும் இடத்தை ஒட்டிக் குழாயின் வாய் அமைய வேண்டும். அடிச்சக்கரப் பெட்டியின் மூலையில் மட்டும் வைத்தால், அலகோடு ஒட்டிச் சுற்றிவரும் தூளையே அது பிடிக்கும். ரவுட்டர் மேசைக்குத் தடுப்புக் கட்டையின் பின்புறம் ஒன்றும், மேசையின் அடியில் ஒன்றுமாக இரண்டு வாய்கள் தேவை.

சாய்வு வெட்டு ரம்பத்துக்கு முழுமையான தீர்வு எதையும் நான் இதுவரை கண்டதில்லை. அலகின் பின்னால் உள்ள சிறிய வாயில் வேக்யூம் கிளீனரை மாட்டி, ரம்பத்தின் பின்புறம் மூன்று பக்கமும் மூடிய பெட்டி ஒன்றைக் கட்டி, அதன் அடியில் சேகரிப்பானின் குழாயை இணைத்தால் பெரும்பகுதி அடங்கும். மிச்சத்துக்கு முகமூடிதான்.

சாண்டருக்கு ஒரு நுணுக்கம் உண்டு. உப்புத்தாளின் துளைகளும் சாண்டர் தட்டின் துளைகளும் நேராகப் பொருந்தாவிட்டால் உறிஞ்சும் வழியே அடைபட்டுவிடும். தாளை மாற்றும்போதெல்லாம் இதைப் பார்த்து ஒட்டுங்கள். உறிஞ்சுதல் மிகுந்து சாண்டர் மரத்தோடு ஒட்டிக்கொண்டு இழுத்தால் உறிஞ்சியின் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: சைக்ளோன் பிரிப்பான்

கருவிக்கும் உறிஞ்சிக்கும் இடையில் சைக்ளோன் பொருத்திய ஒரு வாளியை வைப்பது, இந்த அமைப்பிலேயே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தரும் சேர்க்கை. கூம்பு வடிவ உருளைக்குள் காற்று சுழலும்போது கனமான துகள்கள் சுவரோரம் ஒதுங்கி வாளியில் விழுகின்றன. காற்று மட்டும் நடுவழியாக மேலேறி உறிஞ்சிக்குப் போகிறது. எடைக் கணக்கில் பெரும்பகுதி வாளியிலேயே தங்கிவிடுவதால் வடிகட்டி விரைவில் அடைபடாது. எனினும் மிக நுண்ணிய துகள்கள் சைக்ளோனைக் கடந்தே செல்லும் என்பதால், இது வடிகட்டிக்கு மாற்றாகாது.

வாளியின் மூடி காற்றுப்புகாமல் பொருந்த வேண்டும். சிறு கசிவு இருந்தாலும் கீழிருந்து புகும் காற்று, விழுந்த தூளை மறுபடியும் கிளப்பிவிடும். வாளி தடித்த சுவர் கொண்டதாகவும் இருக்க வேண்டும். குழாய் அடைபட்ட நேரத்தில் வேக்யூம் கிளீனரின் விசை மெல்லிய பிளாஸ்டிக் வாளியை ஒரு நொடியில் நசுக்கிவிடும். வாளி நிரம்பியதைக் கவனிக்காமல் விட்டால் தூள் முழுவதும் வடிகட்டிக்கே போய்ச் சேரும் என்பதால், முக்கால் பங்கு நிறைந்ததுமே கொட்டிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: குழாய் அமைத்தல்

ஒரே ஓர் இயந்திரத்துக்கு ஒரு நெகிழ்குழாய் போதும். அதை இயந்திரத்துக்கு இயந்திரம் மாற்றி மாட்டிக்கொள்ளலாம். நிலையான குழாய் வரிசை அமைப்பதாக இருந்தால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கிடைமட்டக் குழாயில் சீவல் தங்காமல் நகர, காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். அந்த வேகத்துக்கு 100 மி.மீ. குழாயில் மணிக்கு ஏறத்தாழ 565 கன மீட்டர் காற்றும், 150 மி.மீ. குழாயில் ஏறத்தாழ 1,270 கன மீட்டர் காற்றும் தேவை. உங்கள் விசிறி நடைமுறையில் 700 கன மீட்டர்தான் தருகிறது என்றால், 150 மி.மீ. குழாயில் வேகம் குறைந்து சீவல் அடியில் படியத் தொடங்கும். குழாயைத் தேவைக்கு மேல் குறுக்குவதோ அதைவிடக் கேடு. விட்டம் பாதியானால் அதே அளவு காற்றைச் செலுத்த ஏறத்தாழ 32 மடங்கு அழுத்தம் வேண்டியிருக்கும்.

உட்புறம் வழவழப்பான குழாயையே பயன்படுத்துங்கள். சுருள் வரி கொண்ட நெகிழ்குழாயில் உராய்வு பல மடங்கு அதிகம் என்பதால், இயந்திரத்தை இணைக்கும் கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் அது போதும். செங்கோண எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை எல்போ இரண்டைச் சிறு இடைவெளியோடு இணையுங்கள். கிளைக்குழாய் பிரியும் இடத்தில் காற்று ஓடும் திசைக்குச் சாய்ந்த இணைப்பையே போடுங்கள். ஒவ்வொரு கிளையிலும் ஓர் அடைப்புக் கதவை வைத்து, வேலை நடக்கும் இயந்திரத்தின் கதவை மட்டும் திறந்து வையுங்கள். இணைப்புகளை நிலையாக ஒட்ட வேண்டியதில்லை. டேப் சுற்றினால் போதும், அடைப்பு ஏற்படும்போது கழற்ற வசதியாக இருக்கும்.

ஆறாம் படி: வடிகட்டி

சேகரிப்பானுடன் வரும் துணிப்பை 30 மைக்ரான் வகையாக இருந்தால், அது நுண்தூளைப் பட்டறை முழுவதும் சீராகத் தூவும் இயந்திரமாகிவிடுகிறது. பருந்தூள் பையில் தங்க, உங்களுக்குக் கெடுதல் செய்யும் பகுதி மட்டும் சலித்தெடுத்தது போல வெளியே வரும். 1 மைக்ரான் அளவிலான வடிகட்டியை நாடுங்கள். வேக்யூம் கிளீனருக்கு ஹெப்பா வடிகட்டி கிடைக்கிறது, 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பது அதற்குரிய பரவலான வரையறை. வடிகட்டியை அறைக்குள் தட்டிச் சுத்தம் செய்யாதீர்கள். வெளியே கொண்டுபோய், முகமூடி அணிந்து செய்யுங்கள்.

காற்றை அப்படியே வீட்டுக்கு வெளியே விட்டுவிடலாமே என்ற எண்ணம் பலருக்கு வரும். அண்டை வீட்டாருக்குத் தொல்லை இல்லாத இடமானால் அது நல்ல வழியே. ஆயினும், வெளியேறும் காற்றுக்கு ஈடான காற்று உள்ளே வரச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். எரிவாயுவில் இயங்கும் நீர்ச்சூடேற்றி அதே கட்டடத்தில் இருந்தால், அதன் புகைபோக்கி வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே இழுக்கப்படக்கூடும். அத்தகைய வீட்டில் இம்முறை வேண்டாம்.

ஏழாம் படி: நெருப்பும் நிலைமின்னும்

பிவிசி குழாயில் உருவாகும் நிலைமின் வெடிப்பை உண்டாக்கும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. வீட்டுப் பட்டறை அளவிலான குழாயில் அதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. கையில் சுருக்கென்று அடிக்கும் தொல்லைதான் நிகழ்வது. குழாயோடு செம்புக் கம்பியைச் சுற்றி நிலத்தொடர்பு கொடுத்தால் அதுவும் குறையும். உண்மையான ஆபத்து தூள் குவியலில் மறைந்திருக்கும் கங்கு. மரத்தில் இருந்த ஆணியில் ரம்பமோ சாண்டரோ பட்டுச் சிதறும் பொறி, பையிலுள்ள தூளில் விழுந்து பல மணி நேரம் கனன்றுகொண்டிருந்து, எல்லோரும் உறங்கும் வேளையில் தீயாகலாம். உலோகம் அறுத்த தூளை மரத்தூளோடு சேர்த்து உறிஞ்சாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் பூசிய பரப்பைத் தேய்த்த நாளில் பையை அன்றே காலி செய்து, தூளை மூடியுள்ள உலோகக் கலனில் இட்டு வெளியே வையுங்கள்.

எட்டாம் படி: சோதித்துப் பாருங்கள்

அமைப்பு முடிந்ததும் அறையை இருட்டாக்கி, வேலை நடக்கும் இடத்தின் குறுக்கே ஒரு டார்ச் விளக்கின் கற்றையைப் பாய்ச்சுங்கள். பின்புறமாக வரும் ஒளியில் நுண்தூள் மூடுபனி போலத் தெரியும். விளக்கை முன்பே நிலையாகப் பொருத்திவிடுங்கள். அறையை அறவே இருட்டாக்கிவிட்டு மேசை ரம்பத்தில் கைவைக்காதீர்கள், இந்தச் சோதனைக்குச் சாண்டர் போதும். உறிஞ்சியை இயக்கியும் நிறுத்தியும் சில நிமிடங்கள் தேய்த்துப் பாருங்கள். கற்றையில் தூள் எந்தப் பக்கமிருந்து கிளம்புகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் குழாயின் வாயை நகர்த்துங்கள் அல்லது ஒரு தடுப்பை வையுங்கள். என் சாண்டரில் குழாய் இணைப்பு தளர்ந்திருந்ததை மூன்று மாதம் கழித்து இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது.

கூரையில் தொங்கவிடும் காற்றுச் சுத்திகரிப்பான், ஏற்கெனவே பறந்துவிட்ட தூளை மெதுவாகக் குறைப்பது. நீங்கள் வேலை செய்யும்போது உங்கள் மூக்கருகே இருக்கும் தூளை அது தடுக்காது என்பதால் அதைக் கடைசியாக வாங்கலாம். என்95 அல்லது எஃப்எஃப்பி2 தர முகமூடியை முதல் நாளே வாங்குங்கள். தாடி இருந்தால் அது முகத்தோடு சரியாகப் படியாது. இயந்திரத்தை நிறுத்தியவுடன் முகமூடியைக் கழற்றும் பழக்கம் எனக்கும் இருந்தது. டார்ச் கற்றையில் தூள் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்த பிறகு, உறிஞ்சி நின்றபின் பட்டறையைவிட்டு வெளியே வந்துதான் கழற்றுகிறேன்.