மாட்ரிட் – லிஸ்பன் விமானம்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடுங்கள்

மாட்ரிட் பராஹாஸ் விமான நிலையத்திலிருந்து லிஸ்பனுக்கு நேர்க்கோட்டில் சுமார் 510 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்தால் 40 நிமிடம்கூட ஆகாது, ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள், ஏனென்றால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது, கேட்டில் வந்து நிற்பது எல்லாம் அதில் சேரும். அதனால் ஐரோப்பாவுக்குள் எந்த இரண்டு ஊராக இருந்தாலும் தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை கூட்டிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

அப்புறம் கடிகாரம். பலர் குழம்புவது இங்கேதான். போர்ச்சுகல் நேரம் ஸ்பெயினைவிட ஒரு மணி பின்னால். மாட்ரிட்டில் காலை 10:00-க்குக் கிளம்பினால் லிஸ்பனில் 10:20 போல இறங்கிவிடுவீர்கள். திரும்பும்போது அதே பயணம் இரண்டு மணிக்கு மேல் ஆவதுபோலத் தெரியும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மாட்ரிட்டில் இறங்கி வேறு விமானமோ ரயிலோ பிடிப்பதாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

லிஸ்பன் விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, வாசலிலேயே மெட்ரோவின் சிவப்புத் தடம்.