மேடை நாடகத்தைப் படம் எடுக்கும்போது

பின்னணி இருட்டு, நடிகர் மேல் மட்டும் வெளிச்சம். கேமராவை அதன் போக்கில் விட்டால் இருட்டைப் பார்த்து ஏமாந்து, முகத்தை வெள்ளையடித்துவிடும். ஸ்பாட் மீட்டரிங்கில், அதாவது ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் முறையில், முகத்தை அளவிடுங்கள். அந்த வசதி இல்லையா, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நடிகருக்குக் கண் கூசும், ஒளியமைப்பாளர் பார்த்துப் பார்த்து வைத்த நிழலும் போய்விடும்.

எஃப் 2.8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 என்று தொடங்கலாம். கைவீச்சு மங்கினால் ஷட்டர் 1/400, ஐஎஸ்ஓ 6400. படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும், பரவாயில்லை. மங்கிய முகத்தைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

சத்தம் வரக்கூடாதென்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு (திரை அசையாமல் படம் பதிக்கும் முறை) மாறினால், எல்இடி விளக்குகளின் துடிப்பால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். விழுந்தால், திரை அசைந்து சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்புங்கள். இசையோ கைத்தட்டலோ எழும்போது அழுத்துங்கள், பக்கத்து இருக்கைக்காரர் முறைக்கமாட்டார்.