பல்க் கார்டுகளைப் பிரித்து அடுக்குவது லாபமா? விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில், 2024 பிப்ரவரிக்கு முன் வந்த டிராஃப்ட் பூஸ்டர் பெட்டி ஒன்றைப் பிரித்தால் 36 பாக்கெட் இருக்கும். பாக்கெட்டுக்கு 10 காமன் (எளிதில் கிடைப்பது), 3 அன்காமன் (அதைவிடக் குறைவு), 1 ரேர் (அரிது), அப்புறம் ஒரு லேண்ட் (நிலக் கார்டு). ஆக ஒரு பெட்டியில் ஏறத்தாழ 360 காமன், 108 அன்காமன், 36 ரேர். பெட்டியை வாங்கியவர் தேடியது அந்த 36-க்குள் இருக்கும் நாலைந்து கார்டைத்தான். மீதியெல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போய்விடும். இப்படிச் சேர்ந்து கிடக்கும் குவியலுக்குத்தான் பல்க் என்று பெயர். போக்கிமானிலும் இதே கதை. 2025 மார்ச் வரை அச்சான போக்கிமான் கார்டுகள் 7,500 கோடிக்கு மேல். அதில் பெரும்பகுதி யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் பல்க்காக உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் குவியலை வாங்கி விற்பதைப் பகுதிநேரத் தொழிலாகச் செய்பவர்கள் ஏராளம். கார்டுக் கடைகள் காமன், அன்காமன் மேஜிக் கார்டுகளை ஆயிரம் கணக்கில்தான் வாங்கும். ஆயிரத்துக்கு 3, 4 டாலர், மிஞ்சினால் 5. இந்த விலையை மனதில் வைத்துக்கொண்டால், பிரிப்பது லாபமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி, நீங்கள் எதற்காக, எதுவரை பிரிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

முதல் தவறு: முழுசாக அடுக்கிவிட்டு அப்புறம் யோசிப்பது

புதிதாக விற்க வருபவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். பெட்டி வந்ததும் நிறவாரியாகப் பிரிப்பார்கள். அப்புறம் செட் (ஒரே வெளியீட்டில் வந்த கார்டுத் தொகுப்பு) வாரியாக. அப்புறம் ஒவ்வொரு செட்டையும் அகரவரிசையில். பார்க்க அழகாக இருக்கும், மனதுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கார்டும் குறைந்தது மூன்று முறை கைக்கு வந்துபோகிறது.

ஒரு கார்டைத் தொட்டு வைக்க ஒவ்வொரு முறையும் 3 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறைக்கு 9 விநாடி. ஆயிரம் கார்டுக்கு இரண்டரை மணி நேரம். சியாட்டில் நகரில் 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர் 76 சென்ட். அந்தக் கணக்கில் ஆயிரம் கார்டை அடுக்கும் உழைப்பின் விலை 52 டாலர் வருகிறது. அடுக்கி முடித்தபின் கடையில் கொடுத்தால் கிடைப்பது அதே 4 டாலர். அகரவரிசையில் இருக்கிறதே என்று எந்தக் கடையும் ஒரு டாலர் கூட்டித் தராது, ஏனென்றால் அவர்கள் அதைத் தங்கள் கையிருப்போடு கலந்து மறுபடி பிரிக்கத்தான் போகிறார்கள்.

"எனக்கு ஓய்வு நேரம்தானே, கூலி எதற்கு?" என்று கேட்கலாம். பொழுதுபோக்காகச் செய்பவர் அப்படிச் சொல்வதில் தவறே இல்லை. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கார்டு அடுக்குவது பலருக்கு உண்மையிலேயே இன்பம். ஆனால் விற்பவர் என்று இறங்கிய பிறகு, அதே இரண்டரை மணி நேரத்தில் இன்னொரு நல்ல சேகரிப்பை விலை பேசி வாங்கியிருக்கலாம், விலையுள்ள 40 கார்டுகளைப் பட்டியலில் ஏற்றியிருக்கலாம். நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர் லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் தன் சொந்தக் கூலியைத்தான்.

செய்ய வேண்டிய வேலை வேறு. ஒரே ஒரு முறை புரட்டி, விலையுள்ளதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே பெட்டியில் போட்டுவிட வேண்டும். மேஜிக் கார்டில் பெயர் மேல் விளிம்பில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டால், ஒரு கற்றையைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் மேல் ஓரத்தைத் தள்ளித் தள்ளிப் பெயரை மட்டும் படித்துக்கொண்டே போகலாம். மேசையில் பரப்பவே வேண்டாம். பழகிய கைக்கு ஒரு கார்டுக்கு 2 விநாடி போதும். மணிக்கு 1,800 கார்டு.

இப்போது அதே கூலிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 டாலர் 76 சென்ட் தேற, ஆயிரம் கார்டுக்குப் பதினொன்றரை டாலர் பெறுமானம் கிடைக்க வேண்டும். அதனால் புதுப் பெட்டி எது வந்தாலும் முதல் 500 கார்டை மட்டும் புரட்டுங்கள். 17 நிமிடத்தில் முடிந்துவிடும். பொறுக்கியதைக் கடையின் வாங்கும் விலையில் கூட்டிப் பாருங்கள். 6 டாலர் தேறினால் தொடரலாம். ஒன்றரை டாலர்தான் என்றால் மூடி வைத்துவிட்டு, மொத்தமாகத் தள்ளிவிடுவதே மேல். ஒரே மூலையிலிருந்து 500-ஐ எடுக்காமல், பெட்டியின் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது முக்கியம். பழைய செட்டுகள் ஒரு பக்கமாகவே ஒதுங்கிக் கிடப்பது வழக்கம்.

கூட்டும்போது பார்க்க வேண்டியது விற்பனை விலையை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசிஜிபிளேயர் என்ற இணையச் சந்தையில் 1 டாலர் என்று போட்டிருந்தால் அது உங்கள் கைக்கு வரும் 1 டாலர் ஆகாது. சியாட்டிலின் கார்ட் கிங்டம் போன்ற பெரிய கடைகள் எந்தக் கார்டை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்ற பைலிஸ்டை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. அந்த விலைதான் கறாரான விலை.

நிறத்தை மட்டும் நம்புவது

செட் சின்னத்தின் நிறத்தைப் பார்த்து, கறுப்பு என்றால் காமன், வெள்ளி என்றால் அன்காமன், பொன்நிறம் என்றால் ரேர் என்று மூன்றாக ஒதுக்குவது எளிது. ஆனால் இந்த நிற வழக்கமே 1998-இல் வந்த எக்ஸோடஸ் செட்டில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய செட்டுகளில் ரேருக்கும் சின்னம் கறுப்புதான். பழைய பெட்டி ஒன்றில் "எல்லாம் கறுப்பு, எல்லாம் காமன்" என்று தள்ளிவிட்டால், 1994, 1995-இன் நல்ல ரேர்களும் ஆயிரத்துக்கு 4 டாலர் விலையில் கைமாறிவிடும்.

காமன் என்றாலே மலிவு என்பதும் உண்மையில்லை. 2000-இல் பிராபெசி செட்டில் வந்த ரிஸ்டிக் ஸ்டடி ஒரு காமன் கார்டு. சின்னம் கறுப்புதான். இன்று அது பல டாலர் பெறும் கார்டு, ஏனென்றால் நால்வர் சேர்ந்து ஆடும் கமாண்டர் ஆட்டத்தில் நீல நிறம் வைத்திருக்கும் யாருக்கும் அது வேண்டும். 1995-இன் ஐஸ் ஏஜ் செட்டில் வந்த மிஸ்டிக் ரெமோரா, 1997-இன் டெம்பெஸ்ட் செட்டில் வந்த லோட்டஸ் பெடல், இரண்டும் காமன்தான், இரண்டுக்கும் நல்ல விலை உண்டு. 2004-இன் ஸ்கல்கிளாம்ப் அன்காமன். மறுபக்கம், கடந்த பத்தாண்டுகளில் வந்த ரேர்களில் பெரும்பாலானவை சில சென்ட்டுக்கு மேல் போகாது. ஆகவே நிறத்தைவிடப் பெயரை மனப்பாடம் செய்வதே பயன் தரும். ஒரு நூறு, நூற்றைம்பது பெயர் போதும். கடையின் பைலிஸ்டைத் திறந்து காமன், அன்காமன் என்று வடிகட்டி, விலைவாரியாக வைத்துப் படித்தால் ஒரு வாரத்தில் கண்ணில் பதிந்துவிடும். செல்போனில் ஸ்கேன் செய்யும் செயலிகள் சந்தேகத்துக்குரிய கார்டைப் பார்க்க உதவும். ஒவ்வொரு கார்டையும் கேமராவுக்குக் காட்ட ஆரம்பித்தால் மணிக்கு 1,800 என்ற வேகம் போய்விடும்.

மேஜிக்கில் ஃபாயில் (பளபளக்கும்) கார்டுகள் 1999-இன் அர்ஸாஸ் லெகஸியில் தொடங்கின. அந்தக் காலத்து ஃபாயில் காமனைக்கூட ஒதுக்கி வைத்து விலை பாருங்கள்.

போக்கிமானில் வட்டம் காமன், சாய்சதுரம் அன்காமன், நட்சத்திரம் ரேர். அதைவிடக் கீழே உள்ள எண்ணைப் பார்க்கப் பழகுவது நல்லது. 201/198 என்பதுபோல முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் அது சீக்ரெட் ரேர், பல்க்கில் போகக் கூடாதது. படத்தைத் தவிர்த்து மற்ற பகுதி மின்னினால் ரிவர்ஸ் ஹோலோ. பல்க் வாங்குபவர்கள் அதற்குத் தனி விலை வைத்திருப்பார்கள். அடிப்படை எனர்ஜி கார்டுகளைப் பலர் வாங்குவதே இல்லை. விற்கப் போகுமுன் அவற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கையில் பேச்சு வரும்.

இருபத்தைந்து சென்ட் கார்டை ஒவ்வொன்றாக விற்பது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து நடக்கும். 50 சென்ட் கார்டு ஒன்று தனியாக விற்கிறது, வாங்குபவர் தபாலுக்கு 1 டாலர் 30 சென்ட் கட்டுகிறார் என்று வைப்போம். வந்தது 1 டாலர் 80. இதில் சந்தைத்தளத்தின் கமிஷன் 10 சதவீதத்துக்குச் சற்று மேல், பணம் செலுத்தும் கட்டணம் 2.5 சதவீதமும் அதன்மேல் 30 சென்ட்டும். மொத்தத்தில் சுமார் 54 சென்ட் போகும். 2025 ஜூலையில் சாதாரண அஞ்சல்தலை 78 சென்ட் ஆனது. உறை, கார்டைக் காக்கும் பிளாஸ்டிக் ஸ்லீவ், கெட்டியான டாப்லோடர் எல்லாம் சேர்ந்து 15 சென்ட்டுக்கு மேல். கடைசியில் கையில் நிற்பது 30 சென்ட் சொச்சம். கார்டைத் தேடி எடுத்து, உறையில் போட்டு, முகவரி எழுத 5 நிமிடம் ஆனால், மணிக்கு 4 டாலர்கூடத் தேறாது. உறை தொலைந்துபோய் ஒருமுறை பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் நாலைந்து விற்பனையின் லாபம் ஒன்றாகப் போகும்.

ஆனால் இதே கார்டுகள் ஒரே வாடிக்கையாளருக்கு இருபதாகப் போனால் கணக்கு தலைகீழ். அந்த 30 சென்ட் கட்டணம் ஒருமுறைதான், உறை ஒன்றுதான், எடை கூடுவதற்கு மட்டும் தபால் செலவு கொஞ்சம் ஏறும். அதனால்தான் பல்லாயிரம் காமன்களைப் பட்டியலில் ஏற்றி வைத்திருக்கும் கடைகளுக்குப் பிரித்து அடுக்குவது கட்டுப்படியாகிறது. கமாண்டர் டெக் (ஆட்டத்துக்கான கார்டுக் கட்டு) கட்டுபவர் 30, 40 கார்டை ஒரே கடையில் தேடுவார். பெரிய கையிருப்பு உள்ள கடைக்குத்தான் அவர் போவார். கார்டைப் படமெடுத்து வகை பிரிக்கும் இயந்திரமும் அவர்களிடம் இருக்கும். வீட்டு மேசையில் இரண்டாயிரம் கார்டு வைத்திருப்பவர் அவர்களைப் பார்த்து அதே முறையைப் பின்பற்றுவது சரிவராது.

"யாரும் தொடாத பல்க்" என்ற பேச்சை நம்புவது

விளம்பரத்தில் அப்படித்தான் இருக்கும். நேரில் போனால் பெட்டியில் நடுவிலிருந்து ஒரு கற்றையை உருவி, காமனையும் அன்காமனையும் எண்ணிப் பாருங்கள். டிராஃப்ட் பூஸ்டர் பாக்கெட்டிலிருந்து வந்த விகிதம் 10-க்கு 3. நூறு காமனுக்கு எட்டோ பத்தோ அன்காமன்தான் தென்பட்டால், யாரோ நிதானமாக உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார்கள். கார்டுகள் ஏற்கெனவே செட் வாரியாக, அகரவரிசையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஒவ்வொரு கார்டையும் ஒருவர் படித்துவிட்டார். மாறாக, ஒரே செட்டின் கார்டுகள் பதினாலு, பதினாலாகச் சேர்ந்து கிடப்பதும், நடுவே விளம்பர அட்டைகள் அப்படியே இருப்பதும் நல்ல அறிகுறி. பாக்கெட்டைப் பிரித்தவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறார்.

2003-க்கு முந்தைய பெட்டி என்றால் விகிதம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் வாங்கலாம் என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் கமாண்டர் ஆட்டம் பரவவில்லை. இன்று விலையுள்ள பல காமன்களை அன்று பொறுக்கியவரே கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்.

கடைசியாக, சேதம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய கற்றையில் முதல் கார்டும் கடைசிக் கார்டும் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். ஈரமான கிடங்கில் இருந்த ஃபாயில்கள் வில்லாக வளைந்திருக்கும். பொறுக்கும்போதே விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து நிலையைக் குறித்துவிடுங்கள். நல்ல நிலை என்று அனுப்பி, கடை அதை மட்டமாகத் தரம் குறைத்தால், விலையும் போய், இரண்டாம் முறை கையாளும் நேரமும் போகும்.

பொறுக்கியது போக மீந்ததை உள்ளூரிலேயே தள்ளிவிடுவதுதான் நல்லது. ஒரு கார்டு ஏறத்தாழ 1.8 கிராம். 5,000 கார்டுப் பெட்டி 9 கிலோ வரும். புத்தகங்களுக்கான மலிவான மீடியா மெயில் கட்டணத்தில் டிரேடிங் கார்டுகளை அனுப்ப அமெரிக்க அஞ்சல் துறை அனுமதிப்பதில்லை. 20 டாலர் சரக்கை அனுப்பக் கிட்டத்தட்ட அதே தொகை தபாலுக்கே ஆகலாம். அருகிலுள்ள கடை ஆயிரத்துக்கு 3 டாலர்தான் என்றாலும் அங்கேயே இறக்கிவிடுங்கள். புதிதாக ஆட வரும் பிள்ளைகளுக்கு 200, 300 கார்டாகச் சேர்த்து விற்றால் அதைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கும்.