எந்த வேகத்தையும் ஒளி வேகத்தோட பங்கா மாத்துறது எப்படி?

பைக்கோ ஃப்ளைட்டோ ராக்கெட்டோ, அது ஒளி வேகத்துல எவ்ளோ பங்குன்னு கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும். ஆனா நிறைய பேர் 900 கிமீ வேகத்தை ஒளி வேகத்தால வகுத்துட்டு 0.00000083-ன்னு வந்ததும் அதுக்கு என்ன அர்த்தம்னே புரியாம அப்படியே விட்டுடுறாங்க. அதனால நான் எப்பவும் சொல்றது, தலைகீழா வகுங்க. ஒளி வேகத்தை உங்க வேகத்தால வகுத்தா "இத்தனைல ஒரு பங்கு"ன்னு முழு நம்பரா வரும், மனசுலயும் நிக்கும்.

ஒளி ஒரு செகண்டுக்கு 29,97,92,458 மீட்டர் போகும். 1983ல மீட்டரோட வரையறையையே இத வச்சுதான் மாத்தினாங்க, அதனால இதுக்கு பின்னாடி தசமப் புள்ளியே கிடையாது. இத அப்படியே மனப்பாடம் பண்ண வேணாம், நம்ம லட்சம் கோடி கணக்குல ரொம்ப அழகா அமையுது பாருங்க: கையில இருக்கிற வேகம் செகண்டுக்கு கிலோமீட்டர்னா 3 லட்சம், செகண்டுக்கு மீட்டர்னா 30 கோடி, மணிக்கு கிலோமீட்டர்னா 108 கோடி. மணிக்கு மைல்னா 67 கோடி, அவ்ளோதான். இப்படி ரவுண்டு பண்றதால வர்ற பிழை ஆயிரத்துல ஒண்ணை தாண்டாது.

இப்ப மணிக்கு 900 கிமீ போற ஃப்ளைட்ட எடுத்துக்கோங்க. 108 கோடியை 900ஆல வகுத்தா 12 லட்சம், அப்போ அது ஒளி வேகத்துல 12 லட்சத்துல ஒரு பங்கு. 60ல போற பைக் 1.8 கோடில ஒரு பங்கு. சதவீதம் வேணும்னா 100ஐ அந்த நம்பரால வகுங்க. 2024 டிசம்பர் 24 அன்னிக்கு சூரியனுக்கு பக்கத்துல போன பார்க்கர் சோலார் ப்ரோப்ங்கிற விண்கலம் மணிக்கு 6,92,000 கிமீ போச்சு, மனுஷன் செஞ்ச எதுவும் அதுக்கு முன்னாடி அந்த வேகத்துல போனதில்ல, அதுவே 1,560ல ஒரு பங்கு, அதாவது 0.064 சதவீதம்தான்.

யூனிட்ட மட்டும் கவனமா பாருங்க. மணிக்கணக்கு வேகத்தை வச்சுக்கிட்டு 3 லட்சத்துல கைய வச்சா விடை 3,600 மடங்கு தப்பா போயிடும், இந்த கணக்குல அதிகமா நடக்குற தப்பே இதுதான்.

இந்த தலைகீழ் நம்பர்ல இன்னொரு வசதி இருக்கு. ஒரு ஒளியாண்டு தூரத்தை, அதாவது ஒளி ஒரு வருஷத்துல போற தூரத்தை, கடக்க எத்தனை வருஷம் ஆகும்ங்கிறதும் அதே நம்பர்தான். வாயேஜர் 1ங்கிற விண்கலம் செகண்டுக்கு 17 கிமீ போகுது, 3 லட்சத்தை 17ஆல வகுத்தா சுமார் 17,600, அப்போ ஒரு ஒளியாண்டுக்கு 17,600 வருஷம். ப்ராக்சிமா நட்சத்திரம் 4.24 ஒளியாண்டு தூரம், அந்த வேகத்துல அங்க போகணும்னா ஏறக்குறைய 75,000 வருஷம். தனியா வேற கணக்கே போட வேணாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது பூமியோட நம்பர். சூரியனை செகண்டுக்கு 29.8 கிமீ வேகத்துல சுத்துது, அதாவது ஏறத்தாழ 10,000ல ஒரு பங்கு. ஜேம்ஸ் பிராட்லிங்கிற இங்கிலாந்து வானியலாளர் 1720கள்லயே இத பிடிச்சிட்டாரு, எப்படின்னா பூமி நகர்றதால நட்சத்திரங்க வருஷம் முழுக்க 20 ஆர்க் செகண்டு (ஒரு டிகிரில 3,600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்டு) அளவுக்கு இடம் மாறித் தெரியுது, அந்த கோணத்துல இருந்தே ஒளி பூமியை விட 10,210 மடங்கு வேகம்னு கணக்கு போட்டாரு. இன்னிக்கு கணக்குல அது 10,067, எவ்ளோ கிட்ட வந்திருக்காரு பாருங்க! பங்குக்கு யூனிட் கிடையாது, அதனால சூரியன் எத்தனை கிலோமீட்டர் தூரத்துல இருக்குன்னு சரியா தெரியாத காலத்துலயே அவரால இத சொல்ல முடிஞ்சுது.

பங்கு சின்னதா இருக்கேன்னு ஒதுக்கிடவும் முடியாது. ஜிபிஎஸ் சாட்டிலைட் செகண்டுக்கு 3.87 கிமீ, 77,500ல ஒரு பங்கு. அந்த 77,500ஐ வர்க்கம் பண்ணி ரெண்டால பெருக்குனா சுமார் 1,200 கோடி, அதால ஒரு நாளோட 86,400 செகண்டை வகுத்தா 7 மைக்ரோ செகண்டு வரும். ஐன்ஸ்டீனோட சார்பியல் கொள்கைப்படி வேகமா போற கடிகாரம் மெதுவா ஓடும், அதனால சாட்டிலைட்ல இருக்கிற கடிகாரம் ஒரு நாளைக்கு அவ்ளோ மெதுவா ஓடும். ஈர்ப்பு விசை அங்க கம்மியா இருக்கிறதால எதிர்பக்கம் 45 மைக்ரோ செகண்டு வேகமாவும் ஓடும், ரெண்டையும் சேர்த்து 38 மைக்ரோ செகண்டை தினமும் சரி பண்ணாதான் மேப் ஒழுங்கா வேலை செய்யும்.

ஒளி வேகத்தை நெருங்கிட்டா மட்டும் இந்த முறைய விட்டுடுங்க. ஜெனிவா பக்கத்துல இருக்கிற எல்எச்சிங்கிற துகள் மோதல் மெஷின்ல, அணுவுக்குள்ள இருக்கிற துகளான புரோட்டான் 0.99999999 பங்கு வேகத்துல ஓடுது, இங்க தலைகீழா வகுத்தா 1-தான் வரும், ஒண்ணும் தெரியாது. 1ல இருந்து அந்த பங்கை கழிச்சு, மிச்சத்தை 30 கோடியால பெருக்குங்க, ஒளியை விட செகண்டுக்கு எத்தனை மீட்டர் கம்மின்னு தெரிஞ்சுடும், இந்த புரோட்டானுக்கு அது வெறும் 3 மீட்டர்.